பால் காய்ச்சிவிட்டுப் பூட்டிய வீடு

நாங்கள் சாமான்களோடு போய் இறங்கியபோது, ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் வாசலில் கோலம் போட்டிருந்தது.

ஏனோதானோ என்று இழுத்த கோலமும் இல்லை. புள்ளி வைத்து, சிக்குக் கோடு வளைத்து, ஓரத்துக்குச் செம்மண் தீட்டிய கோலம். குட்டியானை வண்டியிலிருந்து பீரோவை இறக்கிய ஆட்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். பரவாயில்லையே, அக்கம்பக்கத்தில் நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் அறிவு அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்றால் நடுங்குகிற ஆள் இல்லை நான். எனக்குப் பயம் என்றால் பல்லிதான். அதற்கடுத்து, என் வீட்டுக்காரர் அன்புசெல்வன் போனைக் காதில் வைத்துக்கொண்டு "சரி சார், சரி சார்" என்று சொல்வது. அந்த இரண்டு "சரி சார்" கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஏதோ ஒரு திட்டம் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்களுக்கு ஊர் பொதட்டூர்பேட்டை. அவருக்குக் காருக்கு உதிரிபாகம் வார்க்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரில் என்றார்கள். அங்கே வீடு பார்த்தோம், ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்தேன். பிறகு ஒரு "சரி சார்". வேலை ஸ்ரீபெரும்புதூரில் இல்லையாம், கும்மிடிப்பூண்டியிலாம். அந்தத் திரைச்சீலைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, எந்த வீட்டு ஜன்னலுக்கும் பொருந்தாமல்.

கும்மிடிப்பூண்டியில் வீடு அமைந்தபோது கார்த்திகை முடியப் போகிறது. மார்கழி பிறந்துவிட்டால் யாரும் குடி போகமாட்டார்கள். என் அம்மா ஜோதிலட்சுமிக்கு அப்போது காய்ச்சல், வர முடியவில்லை. போனிலேயே வழி சொன்னாள்.

"மார்கழி பொறக்கறதுக்குள்ள ஒரு லிட்டர் பாலை வாங்கினுபோய் காச்சிடுங்கடி. ரெண்டு பேரும் சேந்து வலது கால வச்சி உள்ள போங்க. பாலு பொங்கிட்டா வூடு உங்களுது. சாமான தை மாசத்துல கொண்டாந்துக்கலாம். ஆனா ஒண்ணு, பாலு காச்சின அன்னிக்கு ராத்திரி யாராவது அங்க படுத்து எழுந்திரிக்கணும். வெறும் வூடா வுட்டுட்டு வரக்கூடாது."

பாய்கூட எடுத்துக்கொண்டுதான் போனோம். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை தலைக்கு மேலே போகிற தெரு. வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. காமாட்சி விளக்கை ஏற்றி, புதுக் குண்டானில் பாலை வைத்தேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எங்களுக்கென்று முதல் வீடு அல்லவா.

அவருக்கு போன் வந்தது.

"சரி சார்," என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு "சரி சார்".

புது மெஷினுக்குப் பயிற்சியாம். அன்று சாயங்கால ரயிலுக்கே புனே கிளம்ப வேண்டுமாம். பாலை நின்றபடியே குடித்தோம். குண்டானைக் கழுவவில்லை. எரிகிற விளக்கை அணைக்கக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு ஓடினோம். அவர் புனேக்கு, நான் பொதட்டூர்பேட்டைக்கு. விரிக்காத பாய் என்னோடு பஸ்ஸில் வந்தது. ராத்திரி படுக்கவேண்டும் என்று அம்மா சொன்னது அந்த அவசரத்தில் எனக்கு நினைவே வரவில்லை.

மார்கழி முழுவதும் வீடு பூட்டியே கிடந்தது. தை பிறந்து, பொங்கல் கழிந்து, இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறோம்.

கதவைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த வீடு என்றால் ஒரு வாடை இருக்குமே, சுண்ணாம்பும் எலியும் கலந்த மாதிரி. அது இல்லை.

பால் வாசனை.

அடுப்பில் வழிந்து, கருகி, அப்போதுதான் துடைத்த பாலின் வாசனை. சமையலறைக்குப் போனேன். நான் கழுவாமல் விட்டுப்போன குண்டான், தேய்த்துப் பளபளவென்று மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டு டம்ளர்களும் பக்கத்திலேயே கவிழ்ந்திருந்தன. விளக்கில் திரி புதிது.

"ஓனர் ஆள் வச்சி க்ளீன் பண்ணிருப்பாரு," என்றார் அன்பு, கட்டில் கால்களைத் தேடிக்கொண்டே.

"திரி கூடவா போட்டாரு?"

"நல்ல மனுஷன் போலக்குது. விடு கலா, நட்டு போல்ட்டு பை எங்க வச்ச?"

நானும் விட்டுவிட்டேன். சாமான் இறக்குகிற அன்றைக்குப் பேயே வந்து நின்றாலும் ஒரு கை பிடிக்கச் சொல்லும் நிலைமைதான் இருக்கும்.

சாயங்காலம் எதிர்வீட்டு மெஹர்னிசா அக்கா ஒரு தூக்கில் இடியாப்பமும் பாயாவும் கொண்டுவந்து கொடுத்தார். பழவேற்காட்டுக்காரர், கணவருக்கு பஜாரில் துணிக்கடை. வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவங்க இல்லியாமா?"

"டூட்டிக்குப் போய்ட்டாருக்கா. இன்னிக்கே நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க."

"அவர கேக்கலம்மா. உங்க வூட்டம்மா, மார்கழி பூரா இங்க இருந்தாங்களே."

"யாருக்கா?"

"நா விடியக்காலைல சுபுஹு தொழுவ எழுந்திரிக்கிறப்போ ஜன்னல்ல பாப்பேன். தெனமும் குனிஞ்சி கோலம் போட்டுக்கினு இருப்பாங்க. ஒரு நாளும் நிமிந்து பாக்கல. பேச்சு குடுத்தாலும் பதில் இல்ல. சரி, புது எடம், கூச்சம்னு வுட்டுட்டேன்." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உங்க மாமியாரு இல்லியா அது?"

என் மாமியார் காலமாகி வருஷங்கள் ஆகின்றன.

அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. தூக்கை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, சென்னையில் இருந்த ஓனருக்கு போன் செய்தேன். அவர் யாரையும் அனுப்பவில்லை. இன்னொரு சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறதாம்.

அன்பு காலையில் வந்ததும் சொன்னேன். அவருக்குக் கண் சொக்கிக்கொண்டு போனது. "அந்தக்கா வேற வூட்டப் பாத்துருக்கும் கலா. எல்லா வூடும் ஒரே கலரு," என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

நான் போய் வாசலைப் பார்த்தேன்.

புதுக் கோலம்.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். நான் எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். பகலெல்லாம் ஆலைக்கரி படிந்து சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். மறுநாள் விடியும்போது வேறொரு கோலம், வெள்ளை வெளேரென்று. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். என் வீட்டு வாசல். நான் தெளித்து, நான் போடவேண்டிய கோலம். யாரோ வந்து நோகாமல் எடுத்துக்கொண்டால் எரிச்சல் வராதா?

ஒரு விடியற்காலை, பிடித்தே தீருவது என்று கதவோரமாகச் சேர் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன். எங்கோ மசூதியில் பாங்கு சொல்லும் சத்தம். முதல் லோக்கல் ரயில் ஊதிக்கொண்டு போனது. வெளியே தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

சளப். சளப்.

தாழைத் தள்ளிக் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. ஈர வாசலில் கோலம் பாதி வரைந்திருந்தது. ஒரு கோடு வளைந்து வந்து, நடுவழியில் நின்றிருந்தது. பக்கத்தில் என் கோலமாவு டப்பா. சமையலறை அலமாரியில் இருக்கவேண்டிய டப்பா.

துடைப்பத்தை எடுத்து அந்தக் கோலத்தை அழித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அழித்தேன். பிறகு உள்ளே திரும்பினேன்.

ஹாலில் தரையெல்லாம் வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாக மாவு சிந்தியிருந்தது. சமையலறையில் ஆரம்பித்து, நான் உட்கார்ந்திருந்த சேரைச் சுற்றிக்கொண்டு, தாழிட்டிருந்த கதவு வரைக்கும்.

அவள் வெளியிலிருந்து வரவில்லை.

உள்ளேயிருந்துதான் போகிறாள்.

சேரில் உட்கார்ந்திருந்த என்னைக் கடந்துதான் போயிருக்கிறாள். அன்பு வருகிறவரை மெஹர்னிசா அக்கா வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் எதுவும் கேட்காமல் டீ கொடுத்தார். குடித்து முடித்தபின், "ஹைவேஸ்ல தெனமும் எத்தினியோ பேரு அடிபடறாங்க, எங்கெங்கியோ இருந்து பொழைக்க வந்தவங்க. பேரு தெரியாம, வூடு வாசல் தெரியாமப் போறவங்க," என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டு ஊர், மூன்று திட்டம் என்று அலைந்து இளைத்திருந்த மனிதர். இங்கே வந்ததும் முகம் தெளிந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னலில் அட்டை ஒட்டி இருட்டாக்கிய அறையில் பகலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். "நீ கால் அமுக்கி வுட்டா எப்படி தூக்கம் வருது தெரியுமா," என்றார் ஒரு நாள்.

நான் அவருக்குக் கால் அமுக்கி விட்டதே இல்லை.

அந்த மத்தியானத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ரயில்வே கேட் பக்கம் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது நல்ல வெயில். இரண்டு கையிலும் பை. சாவியைத் தேடச் சோம்பல்பட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே செருப்பில்லாத கால் நடந்து வரும் சத்தம். கதவு திறந்தது. அன்பு நின்றார். தலை கலைந்து, வாயோரம் ஒரு சோற்றுப் பருக்கை.

என்னைப் பார்த்தார். தெரியாத ஆளைப் பார்க்கும் பார்வை.

"யாருமா வேணும்?" என்றார்.

நான் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"கலா, யாரோ வந்துக்கிறாங்க பாரு."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

என் கையிலிருந்த பை விழுந்து தக்காளி உருண்டது. அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு என்னைத் தெரிந்தது. "கலா?" என்றார். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"நீ இப்பதான சோறு போட்ட எனக்கு?"

ஹாலில் அவர் தட்டு இருந்தது. காலையில் நான் வடித்த சோறு, காலையில் நான் வைத்த குழம்பு. ஓரத்தில் கடித்து வைத்த அப்பளம்.

எங்கள் வீட்டில் அப்பளமே கிடையாது.

தட்டைக் கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டும்போது அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை அது. என் புருஷன் என்னைப் பார்த்து யாரென்று கேட்டுவிட்டாரே என்கிற அழுகை. கோலத்தை எடுத்துக்கொண்டாய், அடுப்பை எடுத்துக்கொண்டாய், போகட்டும். இந்த ஆளை உனக்குக் கொடுக்கமாட்டேன் என்று அந்தச் சமையலறையில் நின்று உரக்கவே சொன்னேன்.

மேடையில் கவிழ்ந்திருந்த டம்ளர்களை அப்போதுதான் பார்த்தேன். இரண்டில் ஒன்று நிமிர்ந்திருந்தது.

மெஹர்னிசா அக்கா வீட்டு மாடியிலிருந்து அம்மாவுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாலு காச்சின அன்னிக்கு அங்க யாரு படுத்தது?"

"யாரும் படுக்கலமா. அவருக்கு புனே போக வேண்டியதாயிடுச்சி."

"அவ மேல தப்பில்லடி," என்றாள் அம்மா. "வெளக்கேத்தி, பாலப் பொங்க வச்சி, ஆள் இல்லாம வுட்டுட்டு வந்துட்டீங்க. வூடு இல்லாத யாரோ ஒருத்தி, நமக்குத்தான்னு நெனச்சி வந்து குந்திக்கினா. மார்கழி பூரா பெருக்கி, கோலம் போட்டு, குடித்தனம் பண்ணிக்கிறா. இப்ப அது அவ வூடு. நீங்கதான் புதுசா வந்தவங்க."

"அவரையும் சேத்து அவ வூடுன்னு நெனக்கிறாமா."

"அதான் சொல்றேன். கெளம்பு. சாவு வூட்ல இருந்து எப்படிக் கெளம்புவோம்? யாருகிட்டயும் சொல்லிக்காம, யாரையும் கூடக் கூப்புடாம வருவோம் இல்ல, அந்த மாதிரி வந்துடுங்க. போறேன்னு சொல்லாதீங்க. வான்னு வாயத் தொறந்து யாரையும் கூப்புடாதீங்க. பாலு காச்சின குண்டான அங்கயே வுட்டுடு. அது அவளுது."

அன்பு ஒப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் வெளுத்துப்போன மனிதர் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார். "தூக்கக் கலக்கத்துல ஒளறிட்டேன் கலா. அதுக்காக வூட்ட மாத்துவாங்களா? எத்தினி தடவதான் மூட்ட கட்றது? இங்கதான் கொஞ்சம் நிம்மதியாக்கிறேன்." ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. உருக்காலையின் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் செக்கச்செவேலென்று ஏறி இறங்கியது.

"உங்க நிம்மதி எங்க இருந்து வருதுன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

சமையலறையில் பால் பொங்கியது.

புஸ்ஸென்று பொங்கி, அடுப்பில் வழிந்து கருகும் சத்தம். வாசனை ஹால் வரைக்கும் வந்தது. அன்று வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. சிலிண்டரை நான் மத்தியானமே மூடிவிட்டேன்.

இருவரும் அசையவில்லை.

"டக்" என்று யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

டம்ளரில் ஊற்றி ஆற்றும் சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையை.

"நாளைக்கே போய்டலாம்," என்று கிசுகிசுத்தார்.

நாளைக்கே முடியவில்லை, ஆனால் அந்த வாரத்திலேயே முடிந்தது. அவரோடு வேலை செய்கிறவர் அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு அடுக்குமாடியில் வீடு பிடித்துக் கொடுத்தார். அதுவரை மெஹர்னிசா அக்கா வீட்டு மாடியறையில் படுத்துக்கொண்டோம். அம்மா முதல்நாளே அத்திப்பட்டு போய் வீட்டைக் கழுவி வைத்து, அங்கேயே படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை எதிலும் தப்பு நடக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் தன் கையிலேயே எடுத்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று, விடிந்தும் விடியாத நேரத்தில் வண்டி வந்தது. முதலில் நான் பார்த்தது வாசலைத்தான்.

கோலம் இல்லை.

நாங்கள் வந்த நாளிலிருந்து முதல்தடவையாக வாசல் வெறுமனே கிடந்தது. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. விட்டுவிட்டாள், போகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். அவள்மேல் ஒரு பாசம்கூட வந்தது. பாவம், வீட்டுக்கு ஆசைப்பட்டவள்தானே, நானும் அப்படித்தானே. குண்டானை மேடையிலேயே விட்டேன். இரண்டு டம்ளரையும் விட்டேன். வாயே திறக்காமல் வெளியே வந்து, வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

காலி செய்துகொண்டு போகிற நாளில் எவள் கோலம் போடுவாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாமி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்பு கடைசியாக வெளியே வந்தார். பூட்டைக் கையில் எடுத்தார். வண்டிக் கண்ணாடியில் அவர் முழுசாகத் தெரிந்தார். பூட்டப் போனவர் நின்றார். கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டார். வெளியே கிளம்பும்போதெல்லாம் நான் எதையாவது மறந்துவிட்டு உள்ளே ஓடுவேன். அப்போது இப்படித்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அதே சலிப்போடு, அதே குரலில், உள்ளே பார்த்துச் சொன்னார்.

"வா கலா, போலாம். வண்டி நிக்குது பாரு."

நான் வண்டிக் கதவின் கைப்பிடியைத் தேடினேன்.

அவர் கொஞ்சம் ஒதுங்கினார். யாரோ தாண்டிப் போக வழி விட்டவர் போல. பிறகு கதவைச் சாத்திப் பூட்டினார். திரும்பி வந்தவர் வண்டிக்குள் என்னைப் பார்த்தார்.

"நீ எப்ப வந்து ஒக்காந்த?"

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பொன்னேரி தாண்டியபின் நான்தான் கேட்டேன்.

"உள்ள இருந்து பதில் வந்துதா?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "'இதோ வந்துட்டேங்க'ன்னு சொன்ன," என்றார். "உன் கொரலுதான்."

அத்திப்பட்டில் வண்டி நின்றதும் நான் அவரை முந்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அம்மாவிடம் சொல்லவேண்டும், வேறு என்ன செய்யலாம் என்று கேட்கவேண்டும். வாசலுக்கு நேர் எதிரே சமையலறை. அம்மா குளித்து முடித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, அடுப்பில் புதுக் குண்டானை ஏற்றிக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை.

"ஏண்டி, நீ மட்டும் வந்துட்ட? சேந்துதான வரணும்?"

"அம்மா, அங்க கெளம்பறப்போ அவரு..."

"ஷ்!" அம்மா என் வாயைப் பொத்தினாள். "நல்ல காரியம் பண்றப்போ அந்தப் பேச்சு இன்னாத்துக்கு? ஒரு வார்த்த பேசக்கூடாது, பாலு பொங்கட்டும். போ, பின்னாடி கொழாய்ல இந்தக் கொடத்துக்குத் தண்ணி புடிச்சி வச்சிட்டு, வெளிய போய் மாப்ளயோட சேந்து உள்ள வா."

"அம்மா, நான் சொல்றத..."

"அப்பறம் சொல்லு. போடி."

அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடியை எங்கேயோ கழற்றி வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். அம்மா அதட்டினால் இன்றைக்கும் நான் கேட்டுவிடுவேன்.

பின்பக்க பால்கனியில் குழாயைத் திறந்து குடத்தை வைத்தேன். தண்ணீர் மெல்லியதாக வந்தது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நின்றன. சீக்கிரம், சீக்கிரம் என்று குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஏறி வருவது கேட்டது.

அம்மாவின் குரல் கேட்டது. ரொம்ப சந்தோஷமான குரல்.

"வாங்க மாப்ள, வாங்க. இருங்க, இருங்க, ரெண்டு பேரும் சேந்தாப்ல வாங்க. வலது காலு. ஆங், அப்படித்தான். வாடி கண்ணு, உள்ள வா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நான் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தேன். குடம் நிரம்பி, தண்ணீர் என் கால்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.